பொதுப் பாடசாலைக்குப் பொருள் தேடிய ஹொறேஸ் மான்

பாடசாலை ஒன்றைத் தொடக்குதல் அத்துணை அரிய காரியமன்று. நன்னாட் பார்த்து, நாலு பெரியோரை அழைத்து, கொட்டில் ஒன்றை இட்டு, ஏடு தொடக்கி வைத்துவிடலாம். அடுத்த மாதம் உபாத்தியாயருக்குச் சம்பளங் கொடுப்பவர் யார், கூரை ஒழுகினால் வேய்பவர் யார், உபாத்தியாயரை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரம் உடையவர் யார் என்னும் மூன்று வினாக்களும் எழும்போதே அதன் அருமை புலப்படும். இவ்வினாக்களுக்கு விடை காணுதற்குத் தம் வாழ்நாளின் சிறந்த கூறு முழுவதையுஞ் செலவிட்டவர் அமெரிக்க தேசத்து ஹொறேஸ் மான் என்பவர். அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

அவர் நம் நாட்டவரல்லர், நம் சமயத்தவருமல்லர். ஆயினும், அவர் பிறந்த மசச்சூசெற்ஸ் நாட்டுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1816ஆம் வருடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனாரை அனுப்பிய சங்கம் அந்நாட்டின் தலைநகராகிய பொஸ்தனிலேதான் இருந்தது. 1837ஆம் வருடத்தில் அமெரிக்காவில் வர்த்தகம் நிலைகுலைந்து, வங்கிகள் நாணயங் கொடாது கதவடைத்தபோது, பொஸ்தனிலிருந்து வரும் பணங் குறைந்தது. குறையவே, யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மிஷனார் நடாத்திவந்த பள்ளிக்கூடங்கள் பல ஒருங்கே மூடப்பட்டன. எங்கோ ஒரு நகரத்தில் வங்கி முறிய, இங்கே திண்ணையிலும் கொட்டிலிலும் இருந்து மணலில் எழுதிய பிள்ளைகள் எழுந்து வீட்டுக்குப் போயினர். அதே வருடத்தில், அதே பொஸ்தனில், பாடசாலைகள் தனிப்பட்டோர் கொடையை நம்பியிருத்தல் கூடாது என்னுங் கொள்கையுடைய ஒருவர் தம் உத்தியோகத்தை ஏற்றார். யாம் மிஷன் பாடசாலையிற் படித்தவராதலின் மிஷனாரது பள்ளிக்கூடங்களின் கதையைச் சிறுவயதிலேயே கேட்டிருக்கின்றோம். பொஸ்தனில் நிகழ்ந்த மற்றைக் கதையை எமக்கு எவருஞ் சொல்லித் தந்திலர். ஆசிரியத் தொழில் ஏற்றுப் பல வருடங் கழிந்த பின்னரே அதனை அறிந்தோம்.

ஹொறேஸ் மான் 1796ஆம் வருடம் மே மாதம் 4ஆந் திகதி பிராங்கிளின் என்னும் ஊரில் ஒரு வேளாண் குடியிற் பிறந்தார். அவ்வூர் பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் பேரறிஞரின் பெயரைச் சூட்டிக்கொண்டது. சூட்டியபின், ஊரவர் தங்கள் தேவாலயத்துக்கு மணி ஒன்று வாங்கித்தரும்படி அவரிடங் கேட்டனர். அவரோ மணிக்குப் பதிலாக நூறுக்கு மேற்பட்ட புத்தகங்களை அனுப்பிவைத்தார். கேட்டவர்க்கு அது மகிழ்ச்சி விளைத்ததோ இல்லையோ, இளைய மானுக்கு அப்புத்தகங்களே பெருஞ் செல்வமாயின. வயல்வேலை ஒருபுறம், தொப்பி செய்வதற்கு வைக்கோற் பின்னும் வேலை மற்றொருபுறம். பதினைந்து வயதாகும்வரை வருடத்திற் பத்துக் கிழமைக்கு மேற் பாடசாலைக்குப் போனவரல்லர். அவர் பதின்மூன்றாம் வயதில் தந்தையார் இறந்தார். அடுத்த வருடம் தமையனார் ஸ்தீவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாது நீராடச் சென்று மூழ்கி இறந்தார். மரணக்கிரியையிலே போதகர், மனந்திரும்பாது இளமையில் இறப்போர் அடையும் நரகத்தைப்பற்றிப் பிரசங்கித்தார். தாயார் கேட்டிருந்து விம்மினார். அந்த விம்மலைக் கேட்ட பிள்ளையின் உள்ளம் அக்கணமே அப்போதனையை விட்டு நீங்கியது. பிற்காலத்தில் அவர் பாடசாலைகளில் எச்சபையின் கொள்கையும் புகுதலாகாது என்று விடாப்பிடியாக நின்றமைக்கு வேர் இங்கே இருக்கின்றதென்பது எம் கருத்து.

பின்னர் ஓர் ஆசிரியரை அடுத்து இலத்தீனுங் கிரேக்கமுங் குறுகிய காலத்திற் கற்று, பிறவுண் கலாசாலையிற் புகுந்து, 1819 இல் தேறினார். நியாயசாஸ்திரங் கற்று 1823 இல் நியாயதுரந்தரரானார். 1827 தொடக்கம் சட்டசபையில் இருந்தார். சித்தப்பிரமை கொண்டோரைச் சிறைகளில் அடைத்துவைக்கும் வழக்கத்தை நீக்கி, வூஸ்ரர் நகரத்தில் அவர்களுக்கு வைத்தியசாலை அமைவித்தார். விவாகஞ் செய்து இரண்டு வருடத்துள் மனைவியார் இறந்தார். சகோதரர் ஒருவரின் ஆலை நட்டமடைய, அக்கடனையுந் தாமே சுமந்து, காரியாலய அறையிலே படுத்துறங்கி, உணவையும் ஒறுத்து அதனைத் தீர்த்தார். இவ்வளவுக்கும் பின் மேற்சபையின் தலைவராக விளங்கினார். இனித் தேசாதிபதியாவார் என்று பலரும் எண்ணியிருந்தனர்.

அக்காலத்து மசச்சூசெற்சின் பாடசாலைகள் இருந்த நிலையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். 50 குடி உள்ள ஊர் எழுத்தும் வாசிப்புங் கற்பிக்கும் உபாத்தியாயரை வைத்தல் வேண்டும், 100 குடி உள்ள ஊர் இலக்கணப் பாடசாலை வைத்தல் வேண்டும் என 1647ஆம் வருடத்திலேயே அந்நாட்டிற் சட்டம் இருந்தது. சட்டம் பழையது, நடைமுறையோ தேய்ந்துபோயிற்று. ஊர்கள் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிந்தன. ஒவ்வொரு வட்டாரமுந் தன் பாடசாலையைத் தானே பார்த்துக்கொண்டது. 1827ஆம் வருடச் சட்டம் வரிப்பணத்தாற் பாடசாலை நடாத்துதலை ஊர்களுக்குக் கட்டாயமாக்கிற்று. அதே சட்டம், உபாத்தியாயரைத் தெரிந்து அமர்த்தும் உரிமையை வட்டாரத்தில் தெரிவு செய்யப்பட்ட ஒரு விசாரணைகர்த்தரிடங் கொடுத்தது. ஊரின் கல்விக் குழு உபாத்தியாயரைப் பரீட்சிக்கலாம். ஆயின், அமர்த்துபவர் மற்றவர். ஆகவே, குறைந்த சம்பளத்துக்கு வருபவரும், விசாரணைகர்த்தரின் மருமகனும் மகளும் இடம்பெற்றனர் என்பது அக்காலத்தில் எங்குங் கேட்ட முறைப்பாடு. 1960ஆம் வருடத்துக்கு முன் நம் நாட்டில் மனேச்சர்மாரின் கீழ் இருந்த பாடசாலைகளைப்பற்றி மூத்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

பாடசாலைக் கட்டடங்களோ, பயிரிடுதற்கு உதவாத நிலத்திலும், தெருக்கள் சந்திக்கும் மூலையிலுங் கட்டப்பட்டவை. குளிர்காலத்தில் அடுப்புக்கு அண்மையில் இருந்த பிள்ளை வெந்தது. தூரத்தில் இருந்த பிள்ளை உறைந்தது. விறகைப் பெற்றோர் முறைவைத்துக் கொடுத்தனர். உபாத்தியாயருக்கு வீடுவீடாக முறைவைத்து உணவிட்டனர். வருடத்தில் சில மாதங்களே பள்ளி நடந்தது. செல்வர் தம் பிள்ளைகளைக் கட்டணம் வாங்குந் தனிக் கலாசாலைகளுக்கு அனுப்பினர். அனுப்பியபின், ஊர்க்கூட்டத்தில் பொதுப் பாடசாலை வரியைக் குறைக்கும்படி கைதூக்கியவர்களும் அவர்களே. பொதுப் பாடசாலை நலிந்தமைக்கு வறுமையைக் காட்டிலும் இதுவே பெருங் காரணமென மான் கண்டார். வலியார் விலகிப்போன இடத்தில் எளியாருக்காகப் பேசுவாரில்லை.

1837ஆம் வருடம் ஏப்பிரல் மாதம் 20ஆந் திகதி தேசாதிபதி எட்வேட் எவரெற் அவர்களின் ஆட்சியில் கல்விச் சபை ஒன்று சட்டத்தால் ஏற்பட்டது. ஜூன் மாத இறுதியில் மான் அதன் காரியதரிசியானார். சம்பளம் வருடம் 1,500 டொலர். அவர் நியாயதுரந்தரராய்ச் சம்பாதித்ததிலுங் குறைவு. மேற்சபைத் தலைவர் ஒரு காரியதரிசியாவதா என்று நண்பர் வியந்தனர். அதிகாரமாயினும் பெரிதோவெனில் அதுவும் இல்லை. அச்சபைக்கு ஒரு பாடசாலையைத் திறக்கவோ மூடவோ, ஓர் உபாத்தியாயரை நியமிக்கவோ, ஒரு சதம் வரி விதிக்கவோ உரிமை கிடையாது. செய்தி திரட்டலாம்; அறிக்கை எழுதலாம்; பேசலாம். இவ்வளவே. 1834 இல் ஏற்பட்ட பாடசாலை நிதியிலிருந்து ஊர்களுக்குக் கிடைக்கும் பங்கு, ஊரார் தம் பாடசாலைக் கணக்குகளை அனுப்பினால் மாத்திரமே கொடுபடும் என்னும் விதி ஒன்று இருந்தது. அந்தச் சிறு விதியை மான் பெருங் கருவியாக்கிக்கொண்டார்.

ஊர் ஊராகக் குதிரைமீதும் வண்டியிலுஞ் சென்று கூட்டங் கூட்டினார். சில இடங்களில் ஆட்கள் நிறைந்திருந்தனர். சில இடங்களில் வெறும் வாங்குகளே இருந்தன. பிற்ஸ்பீல்ட் என்னும் ஊரில் ஆசிரியர் வகுப்பு ஒன்று நடாத்தச் சென்றபோது, மண்டபந் துப்புரவு செய்யப்படாது கிடந்தது. காரியதரிசியுந் தேசாதிபதி பிறிக்ஸ் அவர்களுந் தாமே துடைப்பமெடுத்துக் கூட்டி, ஆசிரியர் வருமுன் இடத்தை ஆயத்தஞ் செய்தனர். உழவாரப்படை ஏந்திய அப்பரைத் தொழும் நமக்கு இது இனிய செய்தியேயாம்.

கணக்குகள் வந்து சேர்ந்ததும், ஒவ்வோர் ஊரும் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பணஞ் செலவிடுகின்றது எனப் பகுத்துக் கணித்து, முதலாவது ஊர் தொடக்கம் கடைசி ஊர் வரை வரிசைப்படுத்தி அறிக்கையில் அச்சிட்டார். எவரையும் இகழ்ந்து ஒரு சொல் எழுதவில்லை. வரிசையே போதியதாயிற்று. செல்வச் செருக்குடைய ஊர்கள் சில, ஏழை ஊர்களுக்குங் கீழே தம் பெயரைக் கண்டு நாணின. அடுத்த ஊர்க்கூட்டத்தில் வரி உயர்ந்தது.

பன்னிரண்டு வருடங்களிற் பன்னிரண்டு அறிக்கைகள் எழுதினார். அவற்றுள் இரண்டினைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். 1841ஆம் வருடத்து ஐந்தாம் அறிக்கை செல்வரை நோக்கியது. ஆலை முதலாளிமாருக்கும் தொழில் நடாத்துவோருக்குங் கடிதம் எழுதி, கற்ற தொழிலாளிக்குங் கல்லாத் தொழிலாளிக்கும் வேலைத்திறத்தில் உள்ள வேறுபாட்டைக் கேட்டறிந்து, கல்விக்கு இடும் பணம் இலாபத்தோடு மீளும் என்று காட்டினார். இவ்வாதம் பயன்பட்டது; எனினும், அது எமக்கு முழுவதும் உவப்பானதன்று. ஆலைக்கு ஆள் வேண்டாத காலத்தில் பிள்ளைக்குக் கல்வி வேண்டாவோ என்னும் வினா எழுமன்றோ? அவ்வினாவுக்கு விடை 1846ஆம் வருடத்துப் பத்தாம் அறிக்கையில் உள்ளது. பிள்ளையில்லாத நான் பிறர் பிள்ளைக்கு ஏன் வரி இறுக்கவேண்டும் என்பாருக்கு அவர் அங்கே மறுமொழி கூறினார். நிலமும் நீரும் முன்னோர் திருத்திய வழிகளும் எந்த ஒரு தலைமுறைக்கும் முற்றூட்டு அல்ல. கையிருப்பவர் பின்வருவோருக்காக வைத்திருக்குந் தருமகர்த்தாக்களே. ஆதலின், ஊரிற் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையுந் தன் கல்விக்கு வேண்டிய பங்கை அவ்வூர்ச் செல்வத்திலிருந்து பெறுதற்கு உரிமையுடையது. அதனை மறுப்பவர் பிள்ளையின் பொருளைக் கவர்ந்தவராவர். இதுவே அவர் வாதத்தின் சாரம்.

கோயிற் சொத்துக்குத் தருமகர்த்தா என்பவர் யார் என அறிந்த நமக்கு இவ்வாதம் எளிதில் விளங்கும். எமக்கு அது வேறொரு வகையிலும் உறைத்தது. இந்நாட்டில் 1945ஆம் வருடத்திலிருந்து கல்வி இலவசம். 1960, 1961ஆம் வருடங்களில் உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆயினும், கதிரைக்கும் கடதாசிக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் பெற்றோரிடங் கேட்கும் வழக்கம் இருந்தேவருகின்றது. யாம் இளம் ஆசிரியராய் இருந்த ஒரு பாடசாலையிலே, சங்கப்பணங் கொடாத பிள்ளைகளின் பெயர்களை வகுப்பில் வாசிக்கும் பொறுப்பு எமக்கு இருந்தது. வாசித்தோம். நாலாம் நாள் ஒரு பையன் வரவில்லை. தகப்பன் கடற்றொழிலாளி, அம்மாதங் காற்று மாதம். மறுகிழமை யாம் வீட்டுக்குச் சென்று அழைத்தபோது, பையன் வேலிக்குப் பின்னே நின்று எம்மைப் பார்த்தானேயன்றி வெளியே வந்திலன். மான் ஊர்களின் பெயரை வரிசைப்படுத்தி நாணச்செய்தார். யாம் பிள்ளைகளின் பெயரை வாசித்து நாணச்செய்தோம். கொடுக்கவேண்டியவர் எவர் என்பதை அறியாது செய்த பிழை அது.

நல்லாசிரியர் இன்றி நற்பாடசாலை இல்லை என்று கண்ட மான் ஆசிரிய கலாசாலைகளை நிறுவ முயன்றார். எட்மண்ட் டுவைற் என்னும் வர்த்தகர் 10,000 டொலர் கொடுக்க முன்வந்தார். அத்துணைத் தொகையை அரசாங்கமுங் கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. சட்டசபை இசைந்தது. 1839ஆம் வருடம் ஜூலை மாதம் 3ஆந் திகதி லெக்சிங்ரன் என்னும் ஊரில் அமெரிக்காவின் முதலாவது அரசாங்க ஆசிரிய கலாசாலை திறக்கப்பட்டது. அன்று வந்த மாணாக்கியர் மூவர். அவர்கள் தங்குமிடத்துக்குத் தளவாடம் வாங்கப் பணம் போதாதபோது, மான் தம் சட்டநூல்களை விற்றுக் கொடுத்தார்.

அடுத்த வருடமே ஆபத்து வந்தது. சிக்கனத்தை முன்வைத்துப் பதவிக்கு வந்த புதிய தேசாதிபதியின் காலத்தில், கல்விச் சபையையும் ஆசிரிய கலாசாலைகளையும் ஒழித்துவிடலாம் எனப் பிரதிநிதிகள் சபையின் குழுவொன்று அறிக்கையிட்டது. வீண்செலவு என்றனர், பிரசிய நாட்டு அரசன் முறை என்றனர், ஊராரின் உரிமையைப் பறிப்பது என்றனர். இறுதிக் குற்றச்சாட்டைப் பொய்யென்று முற்றாகத் தள்ளுதல் இயலாது. நடுவில் இருப்பவர் கை நீண்டால் ஊரவர் கை தளரும் என்னும் அச்சம் அறிவுடைய அச்சமே. ஆயினும், கையே நீளாதிருந்த ஒரு சபையை நோக்கி அதனைச் சொன்னது பொருத்தமன்று. வாக்கெடுப்பில் ஒழிக்கவேண்டுமென்றவர் 182 பேர். வேண்டாமென்றவர் 245 பேர். சபை பிழைத்தது.

1843 இல் இரண்டாம் விவாகஞ் செய்து, மனைவியாருடன் ஐரோப்பாவுக்குச் சென்றார். மணப்பயணத்திலும் பாடசாலைகளையே பார்த்துத் திரிந்தார் என்பர். பிரசிய ஆசிரியர் பிரம்பின்றிப் படிப்பிக்கக் கண்டு அதனைப் புகழ்ந்தெழுத, பொஸ்தன் நகரத்து ஆசிரியர் 31 பேர் சினந்து கண்டன நூல் வெளியிட்டனர். மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என அது வளர்ந்தது. இதனை இவ்வளவில் விடுவோம்.

அவர் குறைகளையுஞ் சொல்லாது விடுதல் நேர்மையன்று. எச்சபைக்குஞ் சார்பான நூலும் பொதுப் பாடசாலையிற் புகுதலாகாது என்னும் 1827ஆம் வருட விதியைக் காத்து நின்ற அவர், வேதாகமத்தை வியாக்கியானமின்றி வாசித்தல் எல்லார்க்கும் பொது என்று கருதினார். வாசிக்கப்பட்டதோ புரொட்டஸ்தாந்தர் மொழிபெயர்ப்பு. அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கருக்கு அது பொதுவாகுமா? அவர்கள் தம் பாடசாலைகளைத் தாமே கட்டி, வரியையுங் கொடுத்து, கட்டணத்தையுங் கொடுத்தனர். தமக்குப் பழகியதை எல்லார்க்கும் பொதுவென்று எண்ணுதல் நல்லோரிடத்தும் உள்ள மயக்கம். மிஷன் பாடசாலையில் நாள்தோறுங் காலையில் கைகூப்பி நின்ற யாம், அம்மயக்கத்தை மற்றைப் பக்கத்தில் நின்று கண்டவர்கள். நம் சமயத்தவர் நடாத்தும் பாடசாலைகளில் வேறு சமயப் பிள்ளை ஒன்று வந்திருந்தால் அதற்கு நாம் எவ்வாறு தோன்றுவோம் என்பதையும் எண்ணிப்பார்த்தல் தகும்.

பொஸ்தனிற் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை வைத்த அநீதியை எதிர்த்துப் பிறர் போராடியபோது, காரியதரிசியாயிருந்த மான் வாய்திறந்திலர். கல்விச் சபைக்குப் பகை பெருகுமென்று அஞ்சினார் போலும். அடிமை முறையை வெறுத்த வெண்டல் பிலிப்ஸ் என்பவர் அதற்காக அவரைக் கடிந்தெழுதினார். அப்பிரிவினையைச் சட்டசபை நீக்கியது 1855 இல். பெண்களை ஆசிரியராக்கியதும் அவர் புகழில் ஒரு கூறே. ஆயின், பெண் ஆசிரியர் ஆண் ஆசிரியர் சம்பளத்திற் பாதியிலுங் குறைவாகப் பெற்றமையால் ஊர்களுக்கு அது மலிவாயிற்று என்பதையும் மறத்தலாகாது.

1848 இல் அவர் விலகியபோது கண்ட பயன் வருமாறு. பொதுப் பாடசாலைகளுக்குச் செலவான பணம் இருமடங்காயிற்று. கட்டடங்களுக்கு மாத்திரம் 20 இலட்சம் டொலர் செலவிடப்பட்டது. உயர்தரப் பாடசாலைகள் 50 புதியனவாய் எழுந்தன. பள்ளி நடக்குங் காலம் வருடத்தில் ஒரு மாதம் நீண்டது. ஆசிரியர் சம்பளம், ஆண்களுக்கு நூற்றுக்கு 62 வீதமும் பெண்களுக்கு 51 வீதமும் உயர்ந்தது.

அவ்வருடத்திலே ஜோன் குவின்சி அடம்ஸ் இறந்ததனால் வெறுமையான இடத்துக்குத் தெரிவாகி, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அடிமை முறையை எதிர்த்து நின்றார். முன்னர் அடக்கிய குரல் அங்கே அடங்கவில்லை. 1852 இல் தேசாதிபதிப் பதவிக்கு நின்று தோற்றார்.

அதன்பின் ஒகாயோ நாட்டில் யெல்லோ ஸ்பிறிங்ஸ் என்னும் இடத்தில், கிறிஸ்தவருள் ஒரு பிரிவினர் நிறுவிய அன்ரியோக் கலாசாலைக்குத் தலைவராய்ச் சென்றார். 1853 இல் அது திறக்கப்பட்டது. ஆண்களும் பெண்களும் ஒரே பாடத்தை ஒரே வகுப்பிற் கற்றனர். கறுப்பின மாணாக்கரையுஞ் சேர்த்தல் வேண்டும் என்பதில் மான் உறுதியாயிருந்தார். நோக்கமெல்லாம் நன்று, நிதியோ நஞ்சு. கலாசாலையை நிறுவியோர் பொருள் தேடிய வழி யாதெனின், 100 டொலர் கொடுப்பவர் ஒரு மாணாக்கரை என்றென்றைக்குங் கட்டணமின்றிப் படிப்பிக்கலாம் என்று பத்திரம் விற்றதேயாம். பத்திரம் வாங்கியவருட் பலர் முதலைக் கொடாது வட்டி தருவதாகக் கையெழுத்திட்டனர். சிலர் அதனையுந் தரவில்லை. முதல் கட்டடத்திற் கரைந்தது. பத்திரத்தோடு மாணாக்கர் வந்துகொண்டிருந்தனர். கட்டணங் கேட்க உரிமையில்லை. வரி விதிக்க அரசாங்கமும் அன்று. ஆசிரியர் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையாயிற்று. தலைவர் சம்பளமும் அவ்வாறே. ஒரு நாட்டுக்கே பாடசாலைப் பொருள் தேடும் வழி காட்டியவர், நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதியும், ஊர் ஊராய்ச் சென்று விரிவுரை ஆற்றியும், தம் கைப்பணத்தைக் கொட்டியும் அக்கலாசாலையை ஆறு வருடம் இழுத்தார். 1859 இல் அது கடனுக்காக ஏலத்தில் விற்கப்பட்டது. அவர் நண்பர்களே கூடி அதனை வாங்கி, பழைய பத்திரங்களின் கட்டு நீங்க மறுபடி அமைத்தனர்.

அவ்வருடத்துப் பட்டமளிப்பு விழாவை நடாத்தி முடித்தபோது அவர் உடல் முற்றுந் தளர்ந்திருந்தது. சில கிழமைகளிற் காய்ச்சல் கண்டு, 1859ஆம் வருடம் ஓகஸ்ட் மாதம் 2ஆந் திகதி, தம் 63ஆம் வயதில் இறந்தார். பின்னர் அவர் உடல் புறொவிடன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டு முதல் மனைவியாரின் அருகே அடக்கஞ் செய்யப்பட்டது. அவர் பன்னிரண்டு வருடம் வாதாடிய வட்டார விசாரணை முறையை மசச்சூசெற்ஸ் சட்டசபை முற்றாக நீக்கியது 1882 இல். அப்பொழுது அவர் இறந்து 23 வருடங்கள் கழிந்திருந்தன.